மறியலில் மாட்டிய மீன்கள்

"இனிமே மீனு செத்தா தொட்டிய வித்துடுவேன்றாரு வூட்டுக்காரு. அப்ப நானும் கெளம்பிடுவேன்னுட்டேன்க்கா."

இட ஒதுக்கீட்டு மறியலால் மணலூர்பேட்டை சாலையில் எங்கள் பஸ் நின்று, வெயில் உள்ளே ஏறிக்கொண்டிருந்தது. சொன்னவளின் மடியில், நீர் நிறைந்த பையில் புது மீன்கள்.

"மின்ன ஏன் செத்துச்சு?" பக்கத்து இருக்கைப் பெண் கேட்டாள்.

"அவராலதான். பஞ்சாயத்து டேங்குல பிளீச்சிங் போட்ட அன்னிக்கே கொழாத் தண்ணிய நேரா ஊத்தினாரு. செடிங்க நின்னுது, மீனு மெதந்துது."

"இப்ப இன்னா பண்ணுவ?"

"நேத்தே பக்கெட்டுல புடிச்சித் தொறந்து வெச்சிட்டேன். அந்த நெடி போயிருக்கும். அதையும் கொஞ்சங்கொஞ்சமாத்தான் ஊத்துவேன்."

"இந்த வெயில்ல அதுவரைக்கும் தாங்குமா?"

அவள் பையை முந்தானையால் மூடிக்கொண்டு இறங்கினாள். சாலையை அடைத்து உட்கார்ந்திருந்தவர்களிடம் அவள் பேசியது ஜன்னல் வழியே கேட்டது.

"நீங்க எழுந்திரிக்க வேணாண்ணா. கால மட்டும் மடக்குங்க, நான் போவணும்."