மீனுக்கு ஒரு நாள் தண்ணீர்

திருச்செங்கோடு பேருந்தில், என் முன் இருக்கையில் ஒரு கணவனும் மனைவியும். அவள் மடியில் சிறிய கண்ணாடித் தொட்டி. அவர் கையில் பிளாஸ்டிக் பை, அதில் நீல நிற ஃபைட்டர் மீன். மறுநாள் காலை அவர் போர்வெல் தோண்டும் ரிக் வண்டியில் வேலைக்கு வடநாட்டுக்குக் கிளம்புகிறார் என்றும், திரும்ப ஆறு மாதமாகும் என்றும் பேச்சில் தெரிந்தது.

“ஒத்தை மீனுங்களா? பாவம்,” என்றாள் அவள்.

“இன்னொண்ணு உட்டா கடிச்சுக் கொன்னுரும். தனியாத்தான் இருக்கோணும்.”

“என்னையாட்டமா.”

அவர் பையைத் தூக்கி மீனைப் பார்த்தார்.

“குழாய்த் தண்ணிய ஒரு நாள் புடிச்சு வச்சுத்தான் மீனை உடோணுமாமுங்க.”

“நாளைக்கு நீயே உட்ரு.”

“எனக்குப் பயமுங்க. துள்ளிக் கீழ உழுந்துட்டா?”

“முட்டுற மாட்டைப் புடிச்சுக் கட்டறவளுக்கு இத்துனூண்டு மீனு பயமா?”

“ஆமாங்க.”

அவர் சிரித்தபடி கைபேசியை எடுத்தார். “அண்ணா, வண்டி முன்னால போவட்டுமுங்க. நான் ஒரு நாள் கழிச்சு ரயில்ல வாரேன்.”