ஸ்வாதி என்று பெயர் வைத்த வேலை

எங்கள் அம்பத்தூர் ஆபீசில் ஒரு ப்ராஜெக்டை முடிப்பதைவிட அதற்குக் கோட்நேம் வைப்பதற்குத்தான் அதிகம் அடித்துக்கொள்வார்கள். கோட்நேம் அவசியம். டீக்கடையில் நாலு பேர் காதுபடப் பேசினாலும் விஷயம் வெளியே போகாது. வேலை செய்கிறவர்களுக்கும் ஒரு பிடிப்பு வரும். மேனேஜர் என்பதால் கடைசி முடிவு என்னுடையது.

மேலிடத்து உத்தரவில் இந்த ப்ராஜெக்டின் பெயர் ‘சப்போர்ட் டீம் குறைப்பு’. வாடிக்கையாளர் புகார்களுக்கு ஆட்கள் சொல்லும் பதிலை இனி மென்பொருளே சொல்லும். அதை எழுத, அதே டீமில் இருந்த கிருபாகரனைவிடக் கெட்டிக்காரன் கிடையாது. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி அவனிடம் எப்படி வேலை வாங்குவது? அவனுக்கு அப்போதுதான் பெண் பிறந்திருந்தது. குழந்தையின் பெயரையே வைப்போம் என்றேன்.

“எம் பொண்ணு பேரா? மெய்யாலுமாணா?” கண் கலங்கிவிட்டது அவனுக்கு.

அதன்பிறகு பேய் மாதிரி உழைத்தான். டீமில் ஒவ்வொருவரிடமும், அதே டீமில் வேலை பார்த்துக்கொண்டு பருத்திப்பட்டில் அவன் பக்கத்து ஃப்ளாட்டில் இருக்கும் யூசுப்பிடமும், தொழிலின் நெளிவுசுளிவுகளைக் கேட்டுக் கேட்டு மென்பொருளுக்குச் சொல்லிக்கொடுத்தான். ஒருநாள் மட்டும் தயங்கினான். “இது வந்தா நம்ம பசங்க வேலைக்கு ஒண்ணும் ஆவாதேணா?”

“உம் பொண்ணு பேர்ல அப்படிச் செய்வேனாடா?” என்றேன். அப்புறம் அவன் கேட்கவில்லை.

முடிந்த அன்று கேக் வெட்டினோம். குழந்தையைத் தூக்கி வந்திருந்தான். மறு வாரம் எல்லோருக்கும் மெயில் அனுப்பினேன்: ‘ஸ்வாதி செயல்பாட்டுக்கு வந்துவிட்டதால் உங்கள் பணி இனித் தேவையில்லை.’ கிருபாகரனுக்கும் அதே மெயில்தான். ஒருவனுக்கு மட்டும் சலுகை காட்டுவது நியாயமில்லை.

லிஃப்ட் வாசலில் யூசுப் அவன் சட்டையைப் பிடித்தான். “பெத்த பொண்ணு பேர வெச்சே எங்க சோத்துல மண்ணப் போட்டியேடா மச்சான்.” கிருபாகரனுக்கு எல்லாம் முன்பே தெரியும் என்றுதான் டீமே நம்பியது. கிருபாகரன் என்னைப் பார்த்தான். நான் வாய் திறந்திருக்கலாம். ஆனால் அத்தனை பேருடைய கோபமும் போய்ச் சேர ஓர் இடம் வேண்டுமல்லவா. பெயர் வைக்கும்போதே அதையும் யோசித்துத்தான் வைத்தேன்.

போன மாதம் கரையான்சாவடியில் கிருபாகரன் குழந்தையோடு நின்றிருந்தான். “ஸ்வாதிக் குட்டி” என்று கூப்பிட்டேன்.

“அப்டிக் கூப்டாதீங்க சார். பேர மாத்திட்டோம்.”

என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எவ்வளவு ஆசையாக எடுத்து வைத்த பெயர் அது. இந்த விவகாரத்தில் துரோகம் என்று ஒன்று நடந்திருந்தால், அது எனக்கு அவன் செய்ததுதான்.