லைன்மேனின் புதன்கிழமை

மேடையில் இருக்கும் அறக்கட்டளைத் தலைவர் அவர்களே, இந்தக் கூடத்தைத் தந்த நூலகர் அவர்களே, லைன்மேன் வீட்டாரே, அவரிடம் படித்தவர்களே,

ஒரு மனிதரை நம்பிக் கொடுத்தது, அவர் போன பிறகு எங்கே இருக்கிறது? இந்தக் கேள்விக்கு எனக்கு விடை தெரியாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் அறக்கட்டளையின் தேர்வுக் குழுவில் இருப்பவள். நாங்கள் நிறுவனங்களுக்கு நிதி தருவதில்லை. தனி மனிதர்களுக்குத் தருகிறோம். ஓராண்டு வீட்டுக் கவலை இல்லாமல், திறந்த வலையைப் பற்றி மக்களுக்குச் சொல்லிக்கொடுங்கள் என்கிறோம். இணையம் எந்த ஒருவரின் சொத்தும் அல்ல; யாரும் தன் பெயரில் ஒரு முகவரி பதிந்து, தன் பக்கத்தைத் தானே நடத்தலாம். இதைச் சொல்லிக்கொடுக்கப் பட்டதாரிகள் பலர் விண்ணப்பித்தார்கள். தொலைபேசிக் கம்பம் ஏறிக்கொண்டிருந்த நம் லைன்மேனும் விண்ணப்பித்தார்.

நேர்காணலுக்குச் சட்டைப் பையில் டெஸ்டரோடு வந்தார். "இங்க கரண்ட் வேலை ஒண்ணும் இல்லையே" என்றார் தலைவர். "இருக்கட்டும் சார், இது இல்லன்னா சட்டை போட்ட மாதிரியே இருக்காது" என்றார் அவர்.

நான் கேட்டேன்: "உங்க திட்டத்துல எல்லாமே உங்களை நம்பித்தான் இருக்கு. நாளைக்கு நீங்க இல்லன்னா?"

"நாளைக்கா மேடம்? நாளைக்குப் புதன்கிழமை. அஞ்சு மணிக்கு கிளாஸ் இருக்கே!"

நாங்கள் நிதி தருவதற்கு முன்பே அவர் வகுப்பைத் தொடங்கிவிட்டிருந்தார். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. 'கேள்விக்குப் பதில் இல்லை' என்று குறித்துக்கொண்டேன்.

இதே நூலகத்தின் மாடியில், பழைய செய்தித்தாள் அறையில், ஆறு கணினிகளை வைத்து வகுப்பு நடந்தது. அங்கே வந்தவர்களில் ஒரு தாய் இப்போது மூன்றாவது வரிசையில் இருக்கிறார். அவருடைய மகளுக்குக் காது கேட்காது. பசி, வயிற்றுவலி, கோபம், 'அத்தை வந்திருக்கிறாள்' என்று ஒவ்வொன்றுக்கும் மகளின் கைச்சைகையைப் படம் பிடித்து, சொந்தக்காரர்கள் கற்றுக்கொள்ளட்டும் என்று ஒரு பெரிய நிறுவனத்தின் தளத்தில் போட்டு வந்தார். நான்கு ஆண்டுகள். ஒரு நாள் காலையில் அந்தக் கணக்கு மூடப்பட்டிருந்தது. விதிமீறல் என்றார்கள். எந்த விதி? யாரிடம் கேட்பது? பதிலே இல்லை!

லைன்மேன் அவரிடம் சொன்னது எனக்குத் தெரியும், நான் அன்று அங்கே இருந்தேன். "அடுத்தவங்க கடையில நம்ம சாமானை அடுக்கினோம்னா, அவங்க ஷட்டரை இழுத்துட்டா ரோட்டுல நின்னு அழவேண்டியதுதான். நமக்குன்னு ஒரு கதவு வேணும்மா. சாவி நம்ம கையில இருக்கணும்."

தாயும் மகளும் முதலிலிருந்து மறுபடியும் எடுத்தார்கள். இருநூற்றுப் பன்னிரண்டு படங்கள், இந்த முறை தங்களுக்கென்று தொடங்கிய பக்கத்தில். முதலில் எடுத்தவற்றில் இருந்தவை ஐந்து வயதுக் கைகள். இப்போது இருப்பவை ஒன்பது வயதுக் கைகள். அந்தச் சின்னக் கைகள் இனி எங்கும் இல்லை.

இரண்டாம் ஆண்டின் முடிவில் நான் பார்வையிடப் போனேன். வகுப்பில் இருந்த எட்டுப் பேரின் எட்டுப் பக்கங்களும் லைன்மேன் பெயரிலேயே பதிவாகியிருந்தன.

"ஷட்டர் கதை சொன்னீங்களே, இப்ப சாவி யார்கிட்ட இருக்கு?"

தலையைச் சொறிந்தார். "ஃபாரத்தை நீட்டினாலே ஓடிடுறாங்க மேடம். முதல்ல எழுதட்டுமேன்னு விட்டுட்டேன். மாத்திடலாம்."

ஆண்டுதோறும் புதுப்பிக்கும் நிதியை மூன்றாம் ஆண்டுக்குத் தர வேண்டாம் என்று அறிக்கை எழுதினேன். குழு ஏற்றது. நான் எழுதியதில் பொய் உண்டா? இல்லை. மிகை உண்டா? இல்லை. அவர் என்ன செய்தார்? பகலில் வீடுகளுக்கு வயரிங் வேலைக்குப் போனார். புதன்கிழமை வகுப்பு ஒரு வாரமும் நிற்கவில்லை!

சென்ற வியாழக்கிழமை மாரடைப்பு. மூன்றாம் நாள் அவர் மனைவி அவருடைய பையை என்னிடம் நீட்டினார். "உங்க பேப்பர் ஒண்ணு இதுல இருக்கு" என்றார். என் அறிக்கைதான். சாவியைப் பற்றிய வரியின் கீழ் கோடு. பின்பக்கத்தில் எட்டுப் பேரின் பட்டியல். ஐந்து பேருக்கு எதிரே சரிக்குறி. அந்த ஐந்தும் அவரவர் பெயருக்கு மாறிவிட்டன. ஆறாவது அந்தத் தாய். அவருக்கும் அடுத்த இருவருக்கும் எதிரே ஒன்றுமில்லை. அந்தத் தாயின் முகவரிப் பதிவு இன்னும் ஒன்பது நாளில் முடிகிறது. அதைப் புதுப்பிக்கத் தேவையான கடவுச்சொல் லைன்மேனோடு போய்விட்டது.

நண்பர்களே, நான் சரியாகத்தான் எழுதினேன். சரியாக எழுதிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். அவரோடு உட்கார்ந்து அந்தப் படிவங்களை நிரப்பியிருந்தால் எனக்கு ஒரு மாலைப்பொழுது ஆகியிருக்கும்.

அவர் பணியைத் தொடர்வோம் என்று உரக்கச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அவர் போலச் சொல்லிக்கொடுக்க எனக்கு வராது. படிவம் நிரப்ப வரும். நாளை புதன்கிழமை. ஐந்து மணிக்கு மாடி அறையில் இருப்பேன். இவ்வளவுதான் என் உறுதிமொழி.

*

நினைவு மலருக்காக இதை எழுதிக் கொடுக்கும்போது, மறுநாள் நடந்ததையும் சேர்க்கிறேன்.

அந்தத் தாய், அவர் மகள், லைன்மேன் மனைவி, நான் என்று நான்கு பேர் வந்தோம். பதிவு நிறுவனத்தைத் தொலைபேசியில் பிடித்தேன். இறப்புச் சான்றிதழும் மனைவியின் கையெழுத்தும் வேண்டும், பதினைந்து வேலை நாள் ஆகும் என்றார்கள். எட்டு நாளில் முடிகிறதே என்றேன். விதி அதுதான் என்றார்கள். இரண்டையும் லைன்மேன் மனைவியிடம் வாங்கி விண்ணப்பத்தை அனுப்பினேன்.

"விதின்னு சொல்லிட்டாங்களா? அப்ப படத்தையாவது எடுத்து வெச்சுக்குவோம், போன்ல ஒண்ணும் மிச்சமில்ல" என்றார் அந்தத் தாய். திறந்த பக்கம் என்பதால் கடவுச்சொல் இல்லாமலே படங்களை ஒவ்வொன்றாக இறக்க முடியும். அதையும் லைன்மேன் சொல்லிக்கொடுத்திருந்தார். எதிலிருந்து தொடங்குவது என்று மகளிடம் சைகையில் கேட்டார். அவள் இரண்டு கைகளாலும் கம்பம் ஏறிக் காட்டினாள். அவள் கைகளில் அது லைன்மேனின் பெயர்.

ஏழு மணிக்கு நூலக ஊழியர் பூட்டோடு வந்தார். "புதன்கிழமை மட்டும்தானே கிளாஸ்?" என்றார்.

"நாளைக்கும் வேணும் சார்" என்றார் அந்தத் தாய்.

நாற்பத்தோரு படங்கள் இறங்கியிருந்தன. நூற்றெழுபத்தொன்று பாக்கி. எட்டு நாள் இருந்தது.