மை காயும்வரை

நான் அயன் பண்ணினால் துணியில் ஒரு சுருக்கம் மிஞ்சாது, ஐயா. சீசாவில், அதுதான் மாதா கோவிலில், எங்கள் ஆட்களைக் கேட்டுப் பாருங்கள். மாதா திருநாளுக்குக் காசுத்தாள் மாலை கட்டும்போது தாள்களை என்னிடம்தான் கொண்டுவந்து தருவார்கள். மாதாவுக்குக் கசங்கிய தாள் போடக்கூடாது.

வாக்குமூலம் எழுதுகிற நீங்கள், மாத்திரை ஏன் பிந்தியது என்று கேட்கிறீர்கள். அதற்கு இந்தத் தாள் கதையைச் சொல்லியாக வேண்டும்.

பொலிதேயாமாப் பக்கத்து வீட்டில் அந்தக் கிழவரைக் கூட இருந்து ஒன்பது வருடம் பராமரித்தேன். அவருக்கு உயிர் ஒரு பழைய காசுத்தாள் அல்பம். இத்தாலி முழுவதற்கும் ஒரே வங்கி தாள் அடிக்கத் தொடங்குமுன், சிசிலி வங்கி தானே அடித்த தாள்கள் அதில் இருந்தன. அவற்றில் கையெழுத்திட்ட காசாளர்களின் பெயரெல்லாம் அவருக்கு மனப்பாடம். என்னை மட்டும் ஒன்பது வருடமும் கியாறா என்றே கூப்பிட்டார். நான் கிளறா.

அவருடைய பிறந்தநாளுக்குச் சந்தோஷப்படட்டுமே என்று, நாலாய் மடிந்து கிடந்த மிகப் பழைய தாளை எடுத்து ஈரத்துணி போட்டு அயன் பண்ணினேன். மடிப்புப் போனது. மையால் போட்டிருந்த கையெழுத்தும் ஊறிப் போனது. அது அசல் தாள் என்று காட்டுவது அந்த இரண்டும்தானாம், பெறுமதியும் அதில்தானாம். ஒன்பது வருடத்தில் ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை.

அவர் கத்தவில்லை. என் பெர்மெஸோவை, அதுதான் இங்கே இருக்கிற அனுமதியை, புதுப்பிக்க வேலை ஒப்பந்தப் படிவத்தில் தரவேண்டிய கையெழுத்தைப் போடாமல் விட்டார், அவ்வளவுதான். நாளைக்கு, நாளைக்கு என்று ஏழு கிழமை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் சீசாவுக்கு வருகிற யோசப்பின் என்கிற அக்காவிடம் சொல்லி அழுதேன்.

"கிழவன்ரை கையெழுத்து இல்லாமல் குவெஸ்தூரா பொலிசுக்குப் போய்ப் பிரயோசனமில்லை, பிள்ளை. திருப்பி அனுப்பிப்போடுவாங்கள்" என்றா.

வெள்ளிக்கிழமை காலை அவருக்கு நெஞ்சு நோவு வந்தது. நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை என் சட்டைப் பைக்குள் இருந்தது. கையை நீட்டினார். அந்தக் கையில் பேனையைக் கொடுத்தேன். வற்புறுத்தவில்லை. படிவத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கையெழுத்து நன்றாகவே விழுந்தது. மைப்பேனை. காயாத மையில் கைபடக்கூடாது என்று எனக்குப் படிப்பித்ததே அவர்தான். ஏற்கெனவே ஒரு தாளைப் பழுதாக்கியவள், இன்னொன்றையும் பழுதாக்குவேனா? ஊதி ஊதிக் காயவைத்தேன். இரண்டு தரம் கியாறா என்று கூப்பிட்டார். மூன்றாம் தரம் கிளறா என்றார்.

ஆள் செத்தால் வேலை ஒப்பந்தமும் முடிந்ததாம், அந்தப் படிவம் செல்லாதாம். இதையும் எனக்கு ஒருவரும் சொல்லவில்லை.

ஆனால் மாத்திரை கொடுக்கவில்லை என்று மட்டும் எழுதாதீர்கள், ஐயா. மை காய்ந்ததும் கொடுத்தேன். நாக்குக்கு அடியில்தான் வைத்தேன். அது கரையவில்லை.