இடக்கை மட்டும்

எங்கள் போல்ட்டன் பக்கத்து மழையை எல்லோரும் திட்டுகிறார்கள், நீதிபதி ஐயா; ஆனால் பருத்தி நூல் அறுந்துபோகாமல் இருக்க இந்த ஈரக்காற்றைப் போல நல்லது வேறில்லை. கோட்டைக் கழற்றி அடுப்புப் பக்கம் போடுங்கள், உலரட்டும். நான் சொல்கிறேன்.

நூற்கும் இயந்திரம் ஜேபஸ் என்ட்விசிலாகிய என் கண்டுபிடிப்பு. அதை யாரும் மறுக்கவில்லை. நெசவாளி ஒருவனின் விதவை தபிதாவை எதிரில் உட்காரவைத்து, அவள் நூற்பதை இரண்டு வருஷம் பார்த்துப் பார்த்துத்தான் செய்தேன். வலக்கை ராட்டையைச் சுற்றும். இடக்கை பஞ்சை இழுக்கும். அந்தக் கை எங்கே இறுக்குகிறது, எங்கே விடுகிறது என்பதைத்தான் உருளைகளுக்குக் கொண்டுவந்தேன்.

"என்ன முதலாளி, ஒங்க மரக்கழுதைக்கு இன்னும் வெரல் மொளைக்கலியா?" என்று கேலி செய்வாள். நல்ல மனுஷி.

ஆற்றங்கரையில் ஆலை வைத்து, தண்ணீர்ச் சக்கரத்தோடு இயந்திரத்தைப் பூட்டிய மாதம், வந்து சொன்னாள்.

"அக்கரை ஆலை லோமாக்ஸ் முதலாளி கூப்பிட்டு விட்டிருக்காரு. அவரு மெஷின்ல நூல் அறுந்துக்கிட்டே இருக்காம். எதிர்ல ஒக்காந்து நூத்துக் காட்டுனாப் போதுமாம்."

"நீ என்ன சொன்ன?"

"திங்கக்கெழம வர்றேன்னேன். நீங்க கேட்டப்ப காட்டலியா? கை என்னோடதுதானே."

அதில் பிழை ஒன்றுமில்லை. ஆனால் என் ஆலையை நம்பி அறுபது பேர் சாப்பிடுகிறார்கள்.

சனிக்கிழமை மதியம், நின்றுகொண்டிருந்த இயந்திரத்தைக் காட்டி, பின்பக்க உருளையில் பிடிமானம் சரியா என்று தொட்டுப் பார்க்கச் சொன்னேன். வலக்கையை நீட்டினாள்.

"இழுக்கிற கைக்குத்தானே தெரியும்," என்றேன்.

சிரித்துக்கொண்டே கையை மாற்றினாள். நான் போய், சக்கரத்துக்குத் தண்ணீர் விடும் மதகைத் தூக்கினேன்.

உருளையைச் சுற்றும் பல்சக்கரம் கையை மணிக்கட்டுவரை வாங்கிக்கொண்டது. உடனே மதகை இறக்கினேன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். வைத்தியரைக் கூட்டிவர ஓடியதும் நான்தான். மதகு தானாக நழுவிவிட்டது என்றே எல்லோரும் நம்பினார்கள், அவள் உட்பட.

வாரந்தோறும் ஓட்ஸ் ரொட்டியும் வெண்ணெயும் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். போன செவ்வாய்க்கிழமை அவள் வீட்டில், காலால் மிதித்துச் சுற்றும் ராட்டை ஒன்று இருந்தது. வலக்கையால் இழுத்துக்கொண்டிருந்தாள்.

"பாத்தீங்களா முதலாளி, லோமாக்ஸ் ஐயா குடுத்து விட்டது. இந்த மக்குக் கையும் ஒருவழியா கத்துக்கிச்சு. அடுத்த வாரம் அங்க போறேன்."

நூலை விரலில் உருட்டிப் பார்த்தேன். முன்பைவிட மெல்லிசு.

"கைய மேசை மேல வை, பாக்கலாம்," என்றேன். பெருமையாக விரித்து வைத்தாள். அடுப்போரம் கரி உடைக்கும் சுத்தியல் இருந்தது. மூன்று அடி போதுமானதாக இருந்தது.

நீங்கள் கேட்க வந்தது இந்த வலக்கையைப் பற்றித்தான். இடக்கையை நானாகச் சொன்னேன். அன்றைக்கே இரண்டையும் வைக்கச் சொல்லியிருந்தால் அவளுக்கு ஒரே வலியோடு போயிருக்கும். சாப்பிட ஒரு கையாவது இருக்கட்டும் என்று விட்டேன். இரக்கப்பட்டதுதான் ஐயா, நான் செய்த தப்பு.