மூச்சைப் பிடித்து எடுத்த படம்

உச்சிப்பொழுது. விடுமுறை நாள். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் போகிற சாலையில் ஈ காக்கை இல்லை... இரண்டு பெண்கள் மட்டும், ஆளுக்கொரு ஓரமாக, பேச்சில்லாமல் வந்தார்கள்.

நெருங்கி உட்காருங்கள், கண்ணுகளா. மூத்தவள் நம் தெருத் தையல்காரியின் சிநேகிதி. இளையவள் அவளுடைய ஓரகத்தி. ஒரே வீட்டில் வாழ்க்கைப்பட்டு, ஒரே ஸ்கேன் அறையில் வேலை பார்த்து, ஒருத்தி முகத்தில் ஒருத்தி விழிக்கப் பிடிக்காதவர்கள்.

கல்லீரல் இருக்கிறதே, அது மூச்சோடு மேலும் கீழும் போய்வரும். அசைந்தால் எம்.ஆர்.ஐ. படம் கலங்கிவிடும். மூச்சைப் பிடிக்கச் சொல்லி எடுப்பது மூத்தவள் வழி. வயிற்றில் பெல்ட் கட்டி, மூச்சின் போக்கிலேயே போய் எடுப்பது இளையவள் வழி. எவள் படம் தெளிவோ அவளே இனி அறைக்குப் பொறுப்பு என்று பெரிய டாக்டர் சொல்லிவிட்டார். ஒரே கல்லீரலை இரண்டு விதமாகவும் எடுத்துப் பார்க்கத்தான் இந்த வெயிலில் வந்தார்கள்.

இளையவளே படுத்தாள். அவள் வழியில் எடுத்த படம் முதலில் வந்தது. நல்ல தெளிவு.

"வயிறு எரியுதாக்கா?" இயந்திரக் குழாய்க்குள்ளிருந்து இளையவள் குரல்.

"வாயை மூடிட்டுப் படு. வீட்டுல ஒரு துரும்பை நகர்த்தினதில்ல, இங்க வந்து கிழிக்கிறா." மூத்தவள் மைக்கை இழுத்துக்கொண்டாள். "மூச்சை நல்லா இழு... அப்படியே பிடி."

டக். டக். டக். இயந்திரம் இடித்தது. திரையில் பெல்ட் காட்டும் மூச்சுக்கோடு லேசாக நெளிந்தது. திருட்டு மூச்சு... வேண்டுமென்றே விடுகிறாள். படம் கலங்கிப்போனது. மறுபடி எடுத்தாள். மறுபடியும் நெளிவு.

"பிடின்னா பிடிடி. நான் சொல்ற வரைக்கும் விட்டே, பாரு."

கோடு நேரானது.

மூத்தவள் விடச் சொல்லவில்லை. தவிக்கட்டுமே என்று அடுத்த படத்துக்குப் போனாள். உள்ளேயிருந்து அழைப்பு மணி அடித்தது. நடிக்கிறாள் என்று அதை அணைத்தாள். கோடு அசையவில்லை... அடுத்த படம். அதற்கடுத்தது. ஒவ்வொன்றும் முன்னதைவிடத் தெளிவு. சந்தோஷத்தில் நேரம் போனதே தெரியவில்லை.

கடைசியில் அவள் படுத்திருந்த மேசையை வெளியே இழுத்தாள். இளையவள் தானே எழுந்தாள். செருப்பைக்கூடப் போடாமல் நடந்தாள்.

சாலையில் உருகிய தார் நெடி. வாயாடி வாயே திறக்கவில்லை. தோற்ற வெட்கம் என்று மூத்தவள் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டாள். திருப்பத்தில் இருவர் கைகளும் உரசின. ஸ்கேன் அறையின் குளிர் இளையவள் கையில் அப்படியே இருந்தது...

ஜெயித்ததைச் சொல்ல மூத்தவள் அப்படியே அம்மா வீட்டுக்குப் போய், இரவு அங்கேயே தங்கிவிட்டாள். மறுநாள் டாக்டர் படங்களைப் பார்த்தார்.

"அருமைம்மா. பொறுப்பு உனக்குத்தான்." சொன்னவர் திரைக்குப் பக்கத்தில் குனிந்தார். "மூச்சைப் பிடிச்சாலும் ரத்தக்குழாய் துடிக்கும். அந்தத் துடிப்பு கல்லீரல் மேல லேசா நிழல் அடிக்கும். முதல் படத்துல இருக்கு. உன் கடைசிப் படங்கள்ல இல்லையே... இது யாரை எடுத்தது?"

மூத்தவள் வெளியே வந்து வீட்டுக்குப் போன் செய்தாள். மாமியார் எடுத்தார்.

"அத்தை, அவ என்ன பண்றா?"

"நேத்து வந்ததுலேருந்து கூடத்துலயே உக்காந்திருக்கா. சாப்பிடல, தூங்கல. நெஞ்சை நிமித்தினவ நிமித்தினபடி இருக்கா..." குரல் தணிந்தது. "எது கேட்டாலும் பேச மாட்டேங்கிறா. தரையில விரலால எழுதிக் காட்டுறா. 'விடலாமா'ன்னு உன்னைக் கேக்கணுமாம். எதைடி விடணும்?"