வாயிலின் புகையை அடக்கிய தேசப்பன் அவர்களுக்கு

வாயிலின் காவலே! வரிசையின் ஒழுங்கே! கும்மிடிப்பூண்டிச் சரக்குக் கிடங்கின் அனுப்புகைப் பிரிவில் முப்பத்தொரு ஆண்டுகள் முகம் சுளிக்காமல் உழைத்து, இன்று விடைபெறும் மேற்பார்வையாளர் திரு. தேசப்பன் அவர்களே, வணக்கம்!

நேற்று எங்களிடம் ஒன்றே ஒன்று கேட்டீர்கள்: "நாளைக்கு நான் இல்லாங்காட்டியும் வண்டிங்க ஆஃப்ல நிக்குமா?" புகழ்ந்தால் எழுந்து போய்விடுவீர்கள் என்பதால், உங்கள் கதையை வேறொருவர் கதைபோலச் சொல்லி, முடிவில் பதில் தருகிறோம்.

அந்த மனிதர் 2005-இல் ஒரு நாள், எடைமேடைக்கு முன் நின்ற பதினான்கு லாரிகளைப் பார்த்தார். ஒன்றும் நகரவில்லை, ஒன்றும் எஞ்சினை அணைக்கவுமில்லை. நின்ற இடத்திலேயே எரியும் டீசல் எந்தச் சரக்கையும் எந்த ஊருக்கும் சேர்க்கவில்லையே, கரியமில வாயுவாக வானத்தில் மட்டும் சேர்கிறதே என்று அவர் மனம் பொறுக்கவில்லை. 'வரிசையில் எஞ்சினை அணைக்கவும்' என்று பலகை எழுதி மாட்டினார்.

முதலில் அணைத்தவர் ஓட்டுநர் மோசஸ். முறை வந்தபோது அவர் வண்டி கிளம்பவில்லை. பின்னால் பதின்மூன்று லாரிகள் அடைபட்டன; ஒரு கன்டெய்னர் துறைமுகத்தில் கப்பலைத் தவறவிட்டது.

"இன்னா சார், ஆஃப் பண்ணு ஆஃப் பண்ணுன்னு சொல்லிகினே இருந்தியே, இப்ப நீ வந்து தள்ளு!" என்றார் மோசஸ். எல்லாரும் சிரித்தார்கள். நாங்களும்தான்.

இன்னொரு முறை இப்படி நடந்தால் பலகையோடு அவரையும் வாயிலிலிருந்து எடுத்துவிடுவதாக நிர்வாகம் எச்சரித்தது. அன்றுமுதல் அவருக்குப் 'பேஜாரு' என்று பெயர். உணவுக்கூடத்தில் அவருக்கு இடம் இருந்தது, பேச்சு இல்லை. ஒரு நாள் டிபன் பாக்ஸை எடைமேடை அறைக்கே எடுத்துப் போய்விட்டார். யாரும் போய் அழைக்கவில்லை. எத்தனை நாள் அப்படி உண்டார் என்று எண்ணிப் பார்த்தோம். எழுதக் கை வரவில்லை.

பலகையை மட்டும் அவர் கழற்றவில்லை. ஒவ்வொரு வண்டியாகப் பார்த்தார். பாதி வண்டிகளில் பேட்டரி செத்திருந்தது. சொன்னால் முதலாளி தங்கள்மேல் பாய்வார் என்று ஓட்டுநர்கள் மறைத்தார்கள். வண்டியை நிறுத்த நேர்ந்தால் இறக்கமாகப் பார்த்து நிறுத்தி, உருட்டிக் கிளப்பினார்கள்.

அப்படியானால் வாயிலுக்கு வெளியே ஓர் இறக்கம் வேண்டும்! அனுமதி கிடைத்தது, ஆள் கிடைக்கவில்லை. ஞாயிறுதோறும் தம் ஊரான வேப்பம்பட்டிலிருந்து ரயில் மாறி வந்து, மண்வெட்டியோடு தனியாக மேடு கட்டினார். ஐந்தாம் ஞாயிறு, அத்திப்பட்டில் சரக்கை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்ப வேண்டிய லாரியில், மேட்டை நிரப்ப அனல்மின் நிலையச் சாம்பலை ஏற்றிக்கொண்டு மோசஸ் வந்து நின்றார்.

"காலியா வர்றதுக்கு இத்த ஏத்திகினு வந்தேன். உனுக்காவ இல்ல சார், என் பேட்டரிக்காவ."

"எதுக்காவனா இன்னாடா, அந்தாண்ட கொட்டு."

அதன்பின் லாரிகள் அந்த மேட்டில் சக்கரத்துக்குக் கல் வைத்து, எஞ்சினை அணைத்து நின்றன. டோக்கன் எண்ணைக் கூப்பிட்டதும் கல்லை எடுத்து உருட்டிக் கிளப்பினார்கள். ஆண்டுக்கு ஒன்பதாயிரம் லிட்டர் டீசல் எரியாமல் மிஞ்சியது. எங்களில் சிலர் மாலை வகுப்பில் படித்ததை வைத்துப் போட்ட கணக்கு இது. மிகையாகிவிடக் கூடாதென்று குறைத்தே போட்டோம். அதுவும் தவறென்றால் பொறுத்தருளுங்கள்.

வண்டிகள் மாறின, நாங்கள் மாறவில்லை, ஐயா. நீங்கள் தனியே உண்ணும் எடைமேடை அறையில் இன்றும் ஒரே நாற்காலிதான். இன்று உங்கள் டிபன் பாக்ஸைக் கேட்காமலே எடுத்துவந்து உணவுக்கூடத்தில் எங்கள் பெஞ்சின் நடுவில் வைத்திருக்கிறோம்.

நோயற்று, நிறைவுற்று, நல்ல காற்றைச் சுவாசித்து நீடூழி வாழ்வீராக!

உங்கள் கேள்விக்குப் பதில்: இதை வாசிக்கும் இவ்வேளையில் மேட்டில் பதினொரு லாரிகள் நிற்கின்றன. யாரும் போய்ச் சொல்லவில்லை. சன்னலைத் திறந்து வைத்திருக்கிறோம்.

கேளுங்கள், ஐயா. ஒரு சத்தமும் இல்லை.

இங்ஙனம்,
அனுப்புகை, எடைமேடைப் பிரிவுப் பணியாளர்களும் ஓட்டுநர்களும்
கும்மிடிப்பூண்டி, 2009